தேரை வாத்தியாரின் உரத்த பாடம்

ஒரு குளக்கரையில் தேரை ஒன்று தவளைக் குஞ்சுகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து வந்தது. அது ஒரு வரி சொல்லும். குஞ்சுகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். தடுமாறாமல் கத்தினால் கெட்டிக்காரன். நடுவே நிறுத்தி யோசித்தால் மக்கு.

தனியாக இருக்கும்போது தேரைக்கு லேசாக உறுத்தும். ‘நான் பாடம் நடத்துகிறேனா, வெறும் சத்தம் போடுகிறேனா?’ உடனே ஓர் ஈயைப் பிடித்து விழுங்கும். அதோடு அந்தக் கேள்வியும் உள்ளே போய்விடும்.

தாழம்புதரில் இருந்த சாரைப்பாம்பு தினமும் இந்தப் பாடத்தைக் கேட்டது. ‘இவர்களிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?’ என்று நினைத்தது. கரையின் ஈர மண்ணில் வாலாலேயே எழுதி வைத்தது:

“குஞ்சுகளே! தாழம்புதருக்கு வரிசையாக வரவும். ஒவ்வொருவராக விழுங்கப்படுவீர்கள். இப்படிக்கு, பசியோடிருக்கும் சாரை.”

“ஆகா, புதுப் பாடம்!” என்றது தேரை. குஞ்சுகள் வாசித்தன.

“விழுங்கப்படுவீர்கள்!”

“‘ழு’ சரியாக வரவில்லை. நாக்கை மடித்து, இன்னொரு தரம்!”

“விழுங்கப்படுவீர்கள்!”

“பலே!” தேரைக்குப் புல்லரித்தது. “வரிசையாக வரச் சொல்லியிருக்கிறார், பாருங்கள். எவ்வளவு ஒழுங்கு தெரிந்தவர்! கிளம்புங்கள்!”

குஞ்சுகள் புறப்பட்டன. சேற்றில் படுத்திருந்த எருமை தலையைத் தூக்கியது. “என்ன வாத்தியாரே, பிள்ளைங்க எங்கே போகுது?”

தேரை மண்ணில் இருந்ததைக் கணீரென்று ஒப்பித்தது.

“குரல் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் ஏறலை. விஷயம் என்னன்னு சொல்லும்!”

“அது வந்து... சாரைக்குப் பசி. குஞ்சுகள் புதருக்குப் போனால், அது ஒவ்வொன்றாக...”

வாத்தியாராகி இத்தனை காலத்தில் ஒரு வரியின் பொருள் தேரைக்கு விளங்கியது இதுதான் முதல் தடவை. விழுந்தடித்து ஓடியது.

“ஓடுங்கள்! பாம்பு!”

“ஓடுங்கள்! பாம்பு!” என்று குஞ்சுகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லிக்கொண்டே நடந்தன.

“ஐயோ, திருப்பிச் சொல்லாதீர்கள்!”

“ஐயோ, திருப்பிச் சொல்லாதீர்கள்!”

புதருக்குள் சாரை சிரித்தது. “அருமையான பயிற்சி, வாத்தியாரே!”

தேரைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ‘என் சத்தத்தை எனக்கே திருப்பித் தருகிறார்கள்!’ தாவிப் போய் முதல் குஞ்சை மறித்தது. கத்தவில்லை. மெல்லக் கேட்டது.

“அந்தப் புதருக்குள் யார் இருக்கிறார்? நீ போனால் உனக்கு என்ன ஆகும்? உன் சொந்த வார்த்தையில் சொல்.”

குஞ்சு விழித்தது. இப்படி யாரும் அதைக் கேட்டதே இல்லை.

“சாரை இருக்குது... அதுக்குப் பசி... அப்படின்னா... என்னைத் தின்னுடும்!”

“சரி. அதனால் நீ என்ன செய்ய வேண்டும்?”

தொபுக்கென்று குஞ்சு குளத்தில் குதித்துவிட்டது. பின்னாலேயே மற்ற குஞ்சுகளும் தொபுக், தொபுக்கென்று குதித்தன.

“நீராவது கொஞ்சம் இரும், வாத்தியாரே!” என்று சாரை தலையை நீட்டியது.

அந்த வாக்கியமும் தேரைக்கு உடனே புரிந்தது. அதுவும் குதித்தது.

வாய் எத்தனை தரம் வாசித்தாலும், மனம் ஒரு தரம் நின்று ‘இது என்ன சொல்கிறது?’ என்று கேட்காவிட்டால் அது படிப்பாகாது.