பின்னால் வரும் சத்தம்

"அம்மா, மூணு நாளா என் பின்னாலேயே யாரோ வர்றாங்க" என்றார் தெய்வநாயகம்.

உச்சி வெயில். மலையடிவார மடத்தில் அவருடைய குருவான அம்மா தனியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்தாறு. தாலுகா ஆபீஸையே ஆட்டிவைத்த மனிதர், முகம் வெளுத்து நின்றார்.

"எப்படித் தெரியும்?"

"நடந்தா டக்டக்குன்னு கேக்குது. நின்னா அதுவும் நின்னுடுது. திரும்பிப் பார்த்தா ஒருத்தருமில்ல."

"பயமா இருக்கா?"

"சொல்லக் கூசுது. எமன்தானோன்னு தோணுது. பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. எங்கண்ணனுக்கும் இதேதான். முதல்ல காலை எடுத்தாங்க, அப்புறம் ஆளே போயிட்டார். எனக்கு இன்னும் எத்தனை நாளும்மா?"

அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

"ஒண்ணுல மட்டும் திருப்தி. உங்க ஆசீர்வாதத்துல வலியை ஜெயிச்சுட்டேன். பௌர்ணமிக்கு வெறுங்காலோட மலையைச் சுத்தினேன். இப்பக்கூட கொதிக்கிற தார் ரோட்டுலதான் வந்தேன். ஒண்ணுமே தெரியல!"

அத்தனை பயத்திலும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது.

"அந்தத் தூண் வரைக்கும் நடங்க."

நடந்தார்.

டக்.

கல்தளத்தில் இரண்டு அடிக்கு ஒரு டக். மண்டபத்தில் வேறு ஈ காக்கை இல்லை. அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு. வலது காலை வைக்கும்போது மட்டும்."

அம்மா உள்ளே போய் ஒரு கைக்கண்ணாடியோடு வந்தார். துறவிக்கு எதற்குக் கண்ணாடி என்று அவர் விழித்தார்.

"எனக்கும் சர்க்கரை உண்டு. தினமும் குளிச்சதும் இதுல பாதத்தைப் பார்ப்பேன். உட்காருங்க. வலது காலைத் தூக்குங்க."

கண்ணாடிக்குள் ஒரு பாதம் தெரிந்தது. அதன் குதிகால் சதையில் ஓர் ஆணி முழுசாய் இறங்கியிருந்தது. நடந்து நடந்து தேய்ந்த தலை மட்டும் வெளியே மின்னியது. சுற்றிலும் கறுத்துப்போயிருந்தது.

யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். தொட்டார். அழுத்தினார்.

"பிடுங்காதீங்க. சர்க்கரை உங்க காலை மரத்துப்போக வச்சிருக்கு" என்ற அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகப் போனில் ஆட்டோவை வரச் சொன்னார்.

"வலிக்கலையேம்மா... வலிக்கவே இல்லையே!"

வலிக்கவில்லை என்று அந்தப் பெரிய மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

"அந்த வலியைத் திருப்பி வாங்கிக் கொடுங்கம்மா."

அம்மா கண்ணாடியை அவர் கையில் வைத்தார்.

"இப்போ இடது காலைத் தூக்குங்க."