ஓடக்காரன் கணக்கில் சேரான்

கேளுங்கள், அரசர்கள் தங்கள் பேச்சைக் கல்லில் வெட்டி நட்டு ஆண்ட காலத்தில் நடந்த கதை இது.

ஆழமான ஓர் ஆறு. அதற்கு ஒரே ஓடம். ஓட்டியவன் பெயர் காரி. ஒருமுறை எதிரி நாட்டு ஒற்றன் தனியாளாக அந்த ஓடத்தில் ஏறித் தப்பிவிட்டான். கோபங்கொண்ட அரசன் துறையில் ஒரு கல் நட்டான். 'மூவர் ஏறாமல் ஓடம் அக்கரை போகாது. ஓடக்காரன் கணக்கில் சேரான்.' இவ்வளவுதான் அதில் இருந்தது.

காரி அந்தக் கல்லைத் தினமும் கழுவித் துடைப்பான். கரையோரக் குடிசையில் அவன் ஒண்டிக்கட்டை. அக்கரையில் வாழ்க்கைப்பட்ட தங்கை கோதை ஒருத்திதான் உறவு. பொழுது சாயும்போது அவள் தண்ணீர் எடுக்க வருவாள். குடத்தை வைத்துவிட்டு, "அண்ணே, சாப்பிட்டியா?" என்று கூவுவாள். "ஆச்சு தாயி!" என்பான் இவன். பல நாள் அடுப்பே மூட்டியிருக்க மாட்டான், பொய்க்காரன்! ஆனால் அந்த ஒரு குரல் அவனுக்குப் போதுமாக இருந்தது.

ஒரு காலை, அக்கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊரில் பறை மூன்று முறை அதிர்ந்தது. யாரையோ பாம்பு தீண்டிவிட்டது, வைத்தியரை அனுப்புங்கள் என்று அதற்கு அர்த்தம். இக்கரை வைத்தியர் மாசாத்தனார் மருந்துப் பையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சீக்கிரம் கயித்த அவுரு, காரி!"

"நீங்க ஒருத்தர்தானே ஐயா. இன்னும் ரெண்டு பேர் வரணுமே."

வைத்தியர் மூன்று முறை கேட்டார். முதலில் அதட்டிக் கேட்டார். பிறகு கும்பிட்டுக் கேட்டார். கடைசியில், "நான் ஒருத்தன், நீ ஒருத்தன், அங்கே துடிக்கிற உயிர் ஒண்ணு. மூணு ஆச்சேடா, பாவி!" என்று அழுதே விட்டார்.

காரியின் கை கயிற்றுக்குப் போனது. கண்ணோ கல்லுக்குப் போனது.

"எழுதினபடிதான் ஐயா நடக்கணும். நான் என்ன செய்யட்டும்?"

அன்று ஊரே தொலைவில் சந்தைக்குப் போயிருந்ததால் கூப்பிட ஆளில்லை; உச்சிவேளையில்தான் ஒரு குயவன் வந்தான். வெயில் சாய்ந்த பிறகு ஒரு மோர்க்காரி வந்தாள். மூவர் ஆயிற்று. காரி ஒரு குறையும் இல்லாமல், சட்டப்படி ஓடம் விட்டான்.

அக்கரையில் அழுகுரல் கேட்டது. இறங்கி ஓடிய வைத்தியர் மெல்ல நடந்து திரும்பி வந்தார். காரியின் தோளைத் தொட்டார்.

"வாப்பா. உன் தங்கச்சிதான்."

செய்தி அறிந்து அரசனே துறைக்கு வந்தான்.

"ஒற்றனைத் தடுக்க நட்ட கல் இது. வைத்தியரை உனக்குத் தெரியாதா?"

"முப்பது வருஷமாத் தெரியும் அரசே. ஆனா ஓடக்காரன் கணக்கில் இல்லையே. அவனுக்குத் தெரிஞ்சது மட்டும் எப்படிச் சேரும்?"

அந்த வரி அரசனே எழுதியது. அன்றைக்கே கல்லைப் பிடுங்கி ஆற்றில் போடச் சொன்னான்.

அதன்பின் ஒருவர் வந்தாலும் காரி ஓடத்தை அவிழ்த்தான். பொழுது சாய்ந்தால் மட்டும் கரையில் வந்து உட்கார்ந்துகொள்வான். அக்கரையில் யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "ஆச்சு தாயி" என்று தானாகவே சொல்லிவிட்டுக் குடிசைக்குப் போவான்.

மனிதனின் புத்திக்கும் இரக்கத்துக்கும் இடம் வைக்காத சட்டம், தான் காக்க வேண்டிய உயிரையே கைவிட்டுவிடும்.