ஓட்டுக்குள் போன அவைத்தலைவர்

காட்டு மன்றத்தில் நடந்த அடிதடியை, மலைபோல் அசையாமல் அமர்ந்தே அடக்கியவர் ஆமையார் என்று எல்லா விலங்குகளும் சொல்லும். பல வருடங்களாக அந்தக் கதையைச் சந்தேகித்து வந்த ஒரே பிராணி ஆமையார்தான்.

அடிதடி நடந்த அந்தக் கோடையில் குளம் வற்றிக்கொண்டிருந்தது. கெண்டை மீன்கள் சேற்றில் துடித்தன. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டலாமா என்று முடிவுசெய்யக் குளக்கரையில் மன்றம் கூடியது. அவைத்தலைவர் ஆமையார் ஓட்டுக்கு விட்டால் போதும். பன்றிகள் அப்போதே தோண்டத் தயார்.

"வாய்க்கால் வந்தால் என் அத்திமரம் சாய்ந்துவிடும்!" என்றது குரங்கு.

"உன் மரமா? உங்கள் தாத்தா நட்டதோ?" என்று உறுமியது பன்றி.

"தாத்தாவை இழுக்காதே, சேற்று மூஞ்சி!"

"சரி, உன் வாலை இழுக்கிறேன்!"

இழுத்தது. குரங்கு பன்றியின் காதைக் கடித்தது. விலக்கப்போன மயிலுக்குத் தோகை போயிற்று. "வெளிநடப்பு! வெளிநடப்பு!" என்று கத்திக்கொண்டே கரடி உள்ளே பாய்ந்து ஆளுக்கொரு குத்து விட்டது.

"தலைவரே, ஓட்டுக்கு விடுங்கள்! சீக்கிரம்!" என்று சேற்றிலிருந்து கதறியது ஒரு கெண்டை.

ஆமையார் ஆழ்ந்து யோசித்தார். யோசிக்க வசதியாகத் தலையை இழுத்துக்கொண்டார். கால்களும் கூடவே யோசிக்கப் போயின. ஓட்டுக்கு விடவேண்டியவர் ஓட்டுக்குள் போய்விட்டார். 'அவர்களுக்கு வெளிநடப்பு, நமக்கு உள்நடப்பு' என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

சத்தம் ஓய்ந்ததும் தலை வெளியே வந்தது. அவை காலி. மன்றச் செய்தியைக் காடெங்கும் பரப்பும் மைனா மட்டும் முதுகில் உட்கார்ந்திருந்தது.

"அடேயப்பா! கொஞ்சமும் அசையவில்லையே ஐயா நீங்கள்! அந்த வெட்கத்தில்தான் எல்லோரும் கலைந்து போனார்கள்!"

ஆமையார் தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுக்கவில்லை. குளத்தின் பக்கம் திரும்பவும் இல்லை.

வாய்க்கால் வரவேயில்லை. ஆனால் வருடா வருடம் அவரே அவைத்தலைவர். மாலை போட வந்தால் பயத்தில் தலை தானாக உள்ளே போய்விடும். "ஆகா, என்ன அடக்கம்!" என்று கைதட்டுவார்கள். உள்ளே, அந்த இருட்டில், கெண்டையின் குரல் கேட்கும்.

கடைசியில் ஒரு கோடையில், வெடித்துக் கிடந்த குளத்தின் நடுவே நின்று மைனாவைக் கேட்டார்:

"நான் அசையவில்லை, சரி. அன்று நான் தலையை வெளியே நீட்டியபோது கெண்டைகள் அசைந்தனவா, மைனா?"

அடிதடிக்கு நடுவே தலையை இழுத்துக்கொள்ளும் தலைவனும் அடித்தவர்களில் ஒருவனே.