தானாக எரிந்த திரை

"மாஸ்டர், இந்த மானிட்டர் தானா எரியணுங்க" என்றார் நஞ்சப்பன்.

ரங்கநாயகி ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தார். குரல் மட்டும் வந்தது.

"இப்ப எப்படி எரியுது?"

"பட்டன அழுத்தோணும். வண்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடியும் அழுத்தோணும்."

"அழுத்த ஆள் இல்லீங்களா?"

"நான் இருக்கறனுங்க."

"அப்பறம் என்னங்கண்ணா?"



மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மகளின் காரைக் கவனித்துக்கொள்ளலாம் என்று வயரிங் கற்க வந்தவர் அவர். மேட்டுப்பாளையம் சாலையில் இருந்தது ரங்கநாயகியின் பட்டறை. ரங்கநாயகி அவரைவிட வயதில் மிகச் சிறியவர். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். நஞ்சப்பனுக்கும்.

மகள் பவளத்துக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. காளான் வளர்த்து, ஓட்டல் ஓட்டலாகத் தானே காரில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்தக் காரில் அவளும் அவள் சிநேகிதியும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் பொருத்தியிருந்தார்கள். காரைச் சுற்றி நான்கு மைக். எந்தப் பக்கம் ஹார்ன் அடித்தாலும் மானிட்டரில் அந்தப் பக்கம் சிவப்பாக ஒளிரும்.

மானிட்டர் எரிந்தால்தான்.

சிக்னலில் எஞ்சின் நின்றுவிட்டால் திரையும் அணைந்துவிடும். வண்டி மறுபடி கிளம்பினாலும் அது கிளம்பாது. பட்டன் இருப்பது இடது ஓரத்தில். ஸ்டீயரிங்கையும் கியரையும் பிடித்திருப்பவளுக்குச் சட்டென்று எட்டாது.

ஒரு தடவை நஞ்சப்பன் காய்ச்சலில் படுத்திருந்தார். பவளம் தனியாகப் போனாள். பின்னால் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டே வந்திருக்கிறது. அணைந்த திரையோடு நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். யாரோ ஓடிவந்து கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அழுதாள்.

அன்றிலிருந்து நஞ்சப்பன் இடது சீட்டை விட்டு இறங்கியதில்லை.

ரங்கநாயகி ஜீப்பின் அடியிலிருந்து வெளியே வந்தார். மானிட்டரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்தார். பட்டனுக்குப் பின்னால் இரண்டு புள்ளிகளைக் காட்டினார்.

"பட்டன் பண்றது இவ்வளவுதான். இந்த ரெண்டையும் தொட வெக்குது."

ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை நஞ்சப்பன் கையில் கொடுத்துவிட்டு ஜீப்புக்குப் போய்விட்டார்.

நஞ்சப்பன் யோசித்தார். தொட வைத்தால் போதும் என்றால், ஒரு வயரை வைத்து இரண்டையும் சேர்த்துவிட்டால் ஆயிற்று. சேர்த்தார். சாவியைத் திருப்பினார்.

திரை ஒரு முறை சிமிட்டியது. அணைந்துவிட்டது.

"மாஸ்டர், போச்சுங்க!"

"ஒண்ணும் போகல. வயர எடுங்க. இப்ப விரல வெச்சு அழுத்துங்க."

அழுத்தினார்.

"எடுக்காதீங்க. அப்படியே வெச்சிருங்க."

திரை சிமிட்டி அணைந்தது.

"தெனமும் நான் அழுத்துனா எரியுதுங்களே?"

"அழுத்திட்டு என்ன பண்ணுவீங்க?"

"கைய எடுத்துருவனுங்க."

ரங்கநாயகி டப்பாவைக் கிளறி ஒரு சின்ன கண்டன்சரை எடுத்தார். பட்டாணி அளவுதான் இருந்தது.

"இது காலியா இருக்கறப்ப கரண்ட்டுக்கு வழி விடும். ரொம்பிருச்சுன்னா நிறுத்திக்கும். சாவியத் திருப்புன ஒடனே ஒரு செகண்டுகூட ஆகாது, தொட்டுட்டு விட்டுரும். வண்டி நின்னா மறுபடி காலியாயிரும்."

"விரல் மாதிரிங்களா?"

"வெச்சுப் பாருங்க."

ரங்கநாயகியை யாரோ கூப்பிட்டார்கள். வெளியே ஒரு வேன் நின்றிருந்தது. போனார்.

நஞ்சப்பன் கண்டன்சரின் இரண்டு கால்களையும் பற்றவைத்தார். சாவியைத் திருப்பினார்.

திரை எரிந்தது.

அணைத்தார். திருப்பினார். எரிந்தது. வேண்டுமென்றே எஞ்சினை நிற்கவிட்டு, மறுபடி கிளப்பினார். எரிந்தது. அவர் கை மடியில்தான் இருந்தது.

இடது சீட்டில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு விரலை உள்ளே விட்டு, கண்டன்சரின் ஒரு காலை இழுத்துவிட்டார்.

ரங்கநாயகி திரும்பி வந்தார்.

"எரிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க மாஸ்டர்."

ரங்கநாயகி மானிட்டரின் உள்ளே குனிந்து பார்த்தார். நஞ்சப்பனைப் பார்க்கவில்லை.

"அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

பவளம் வந்தாள். என்ன ஆயிற்று என்று கைகளால் கேட்டாள். கஷ்டமான வேலை, நாளாகும் என்று நஞ்சப்பன் கைகளால் சொன்னார். அவள் சிரித்துவிட்டு இடது கதவைத் திறந்துவிட்டாள். அவர் ஏறிக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் அவர்தான் பட்டனை அழுத்தினார்.

ஒருநாள் காலை. கவுண்டம்பாளையம் பக்கம். சிக்னலில் எஞ்சின் நின்றுபோனது. பச்சை விழுந்தது. பவளம் அவசரமாகக் கிளப்பினாள். நஞ்சப்பன் ஜன்னல் வழியாக, இளநீர்க் கடைக்காரர் யாரையோ திட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை இருட்டாக இருந்தது.

இடதுபுறமிருந்து ஒரு லாரி ஹார்ன் அடித்தபடியே நுழைந்தது. பவளம் வண்டியை இடது பக்கமே திருப்பினாள்.

நஞ்சப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்து வலது பக்கம் தள்ளினார். லாரி காரின் பக்கக் கண்ணாடியை மட்டும் உரசிக்கொண்டு போய்விட்டது.

ஓரமாக நிறுத்தினாள்.  ஸ்டீயரிங்கிலிருந்து கைகளை எடுத்து அவள் பேசினாள்.

"நல்லவேளை அப்பா, நீங்க இருந்தீங்க."

நஞ்சப்பன் வண்டியிலிருந்து இறங்கினார். ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கவில்லை. பயந்துவிட்டார் என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"வண்டிய பட்டறைக்கு விடு" என்று கைகாட்டினார்.

பட்டறையில் அவரை இறக்கிவிட்டு, பவளம் எதிரே டீக்கடைக்குப் போனாள்.

நஞ்சப்பன் ரங்கநாயகியின் முன்னால் நின்றார்.

"மாஸ்டர், அன்னிக்கு அது எரிஞ்சுதுங்க."

"தெரியுங்கண்ணா."

"எப்படி?"

"ஈயம் புடிக்காம விட்டா ஒரு மாதிரி இருக்கும். புடிச்சத பிச்சா வேற மாதிரி இருக்கும்."

"ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நானே சொல்லியிருக்கோணும், தப்புத்தான்." ரங்கநாயகி கண்ணாடியின் கீறலை விரலால் தொட்டுப் பார்த்தார். "லாரிங்களா?"

"லாரிதானுங்க."



"அவ எனக்கு நன்றி சொன்னாளுங்க, மாஸ்டர்."

"ம்."

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"அந்தத் திரை தானா எரிஞ்சுருச்சுன்னா, நான் எங்கீங்க உக்காருவேன்?"

ரங்கநாயகி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்குள் போனார். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டது.

இடது சீட்டை முழுதாகக் கழற்றி வெளியே இழுத்தார். பட்டறைக்குள் தூக்கிக்கொண்டு வந்து, வேலை மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். துணியால் ஒருமுறை தட்டினார்.

"உக்காருங்கண்ணா."

நஞ்சப்பன் உட்கார்ந்தார்.

மானிட்டரைக் காரிலிருந்து கழற்றி வந்து அவர் மடியில் வைத்தார் ரங்கநாயகி. சால்டரிங் அயர்ன் சூடாகியிருந்தது.

நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிய்ந்துகிடந்த காலை நிமிர்த்தினார். ஈயம் உருகி, பளபளத்து, இறுகியது. மூடியைப் போட்டு எழுந்துபோய், மானிட்டரை அவரே காரில் மாட்டினார். திரும்பி வந்து அதே சீட்டில் உட்கார்ந்தார்.

பவளம் டீ குடித்துவிட்டு வந்தாள். காருக்குள் எட்டிப்பார்த்தாள். சீட் இருந்த இடம் காலியாக இருந்தது. பட்டறைக்குள் பார்த்தாள். அப்பா அதில் உட்கார்ந்திருந்தார்.

நஞ்சப்பன் கைகளைத் தூக்கினார். மெதுவாகச் சொன்னார். அன்றைக்கே எரிந்தது. நான்தான் பிய்த்தேன்.

அவள் மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னார்.

பவளத்தின் முகம் சிவந்தது. கைகளைக் கட்டிக்கொண்டாள். அவள் கையைக் கட்டிக்கொண்டால் பேச மாட்டாள் என்று அர்த்தம். அப்படியே நின்றாள். சாலையில் பஸ்கள் போய்வந்துகொண்டிருந்தன.

பிறகு பின்சீட்டிலிருந்த காளான் கூடைகளில் இரண்டைத் தூக்கி, சீட் இருந்த இடத்தில் வைத்தாள். அளவு பார்த்தாள். இன்னொன்றும் வைத்தாள்.

உள்ளே வந்து அவர் முன் குனிந்தாள்.

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றன அவள் கைகள். "பஸ்ல வந்தராதீங்க."

ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. யாருடைய கையும் படாமல் அவள் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்தது.

நஞ்சப்பன் கண்களை மூடிக்கொண்டார். கார் பின்னால் போவதும், திரும்புவதும், சாலையில் ஏறுவதும் சத்தத்திலேயே தெரிந்தது. எங்கோ ஒரு ஹார்ன் அடித்தது. அவருடைய கை தானாக முன்னால் நீண்டது. அங்கே காற்றுதான் இருந்தது.

சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"மாஸ்டர்."

"சொல்லுங்கண்ணா."

"போறப்ப திரும்பிப் பாத்தாளுங்களா?"

"இல்லீங்க. ரோட்டப் பாத்தா."