எனக்கு வரவேண்டிய முதல் திருநீறு

என்னை முதலில் அவமதித்தவர் என் அண்ணி வடிவாம்பாள். பூசாரி அதற்கு அடுத்துத்தான்.

அண்ணன் இறந்த பிறகு வீட்டில் மூத்த ஆண் நான். ஆனாலும் குலதெய்வக் கோயில் கொடை விழா நோட்டீசில் 'குடும்பத் தலைவி வடிவாம்பாள்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்தார்கள். என் பெயர் காகித மடிப்பில் விழுந்திருந்தது. பூசாரியும் முதல் திருநீற்றை அவரிடம்தான் நீட்டினார்.

மறுநாள் காலையிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி மலையடிவார மடத்துக்குப் போனேன். மடத்துச் சாமிக்கு என்னைவிட இருபது வயது குறைவு.

"சாமி, என்னைச் சீடனா சேத்துக்கிடுங்க. இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்."

"சேருறதுக்கு முன்னால மனசுல இருக்கிறதை இறக்கி வைங்க."

"குடும்பத் தலைவின்னா என்ன அர்த்தம்? ஆம்பிளை நான் உயிரோட இருக்கையிலே அந்தப் பட்டம் எதுக்கு?"

சாமி என் பையைப் பார்த்தார்.

"என்ன வாசனை அது?"

"புளிச்சோறு. அண்ணி கட்டிக் கொடுத்தது."

சாமி பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். நான் நோட்டீசை விரித்து மடிப்பைக் காட்டினேன்.

"சண்டை போட்டுட்டுத்தானே வந்தீங்க?"

"பெரிய சண்டை. தெருவே கூடிருச்சு."

"அப்போ சோறு எப்படி வந்தது?"

"அது வேகுற வரைக்கும் நின்னு திட்டிக்கிட்டிருந்தேன்."

சாமி தலையாட்டிக்கொண்டே பைக்குள் கைவிட்டு ஒரு மாத்திரையை எடுத்தார்.

"பிரஷர் மாத்திரை. அதுவும் அண்ணி வச்சதுதான்" என்றேன்.

"ஒண்ணுதான் இருக்கு."

"மதியத்துக்கு."

"ராத்திரிக்கு?"

அதை நான் யோசிக்கவில்லை.

"வாசல் தாண்டும்போது என்ன சொன்னீங்க பெரியவரே?"

நான் நோட்டீசை மடித்தேன். சாமி விடவில்லை.

"எல்லாரும் சொல்றதுதான். 'போயிட்டு வர்றேன் அண்ணி'ன்னேன்."

"அவங்க?"

"'இருட்டுறதுக்குள்ள வந்துருங்க தம்பி'ன்னாங்க."

சாமி இலையை மடித்தார். அதில் ஒரு பருக்கை மிச்சமில்லை. கை கழுவிவிட்டு வந்து என் பையை எடுத்து என் தோளில் மாட்டினார்.

"கடைசி பஸ் நாலரைக்கு."

"என் கேள்விக்குப் பதில்?"

"திரும்ப வரவே போறதில்லைன்னு கிளம்பின ஆளு, போயிட்டு வர்றேன்னு யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்க பேரைத்தான் பெரிய எழுத்துல போட்டிருக்காங்க."

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் திருநீறு எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது. மடத்திலிருந்து ஒரு பொட்டலம் புளிச்சோறும்.