ஐம்பதாவது ஆள் ஓடவில்லை

இன்றைக்கு ஊரெல்லாம் சுவரொட்டியில் சிரிக்கிறானே தவராசா, அவன் அன்றைக்கு மண்டபம் அகதி முகாமிலிருந்து கோடம்பாக்கம் வந்த வெறும் துணை நடிகன்.

"குண்டு விழுந்ததும் ஐம்பது பேரும் அலறிக்கிட்டு ஓடணும்" என்றார் இயக்குநர் கஜபதி.

வெடி வெடித்தது. நாற்பத்தொன்பது பேர் ஓடினார்கள். தவராசா மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி குப்புற விழுந்து கிடந்தான்.

"ஏன்டா, குண்டுக்கு ஓடத் தெரியாதா உனக்கு? ஏழு போர்ப்படம் எடுத்தவன்டா நான்."

தவராசா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "ஓடத் தெரிஞ்ச ஆக்கள் எங்கட ஊரிலயும் இருந்தவை, ஐயா. படுத்துக் கிடந்த நான் மட்டும்தான் நடிக்க வந்திருக்கிறன்."

கஜபதி கேமரா மேடையிலிருந்து மெல்ல இறங்கி வந்து, எல்லாரும் பார்க்க மண்ணில் குப்புறப் படுத்து, காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்:

"இப்படியாங்க?"