காதுக்கு எட்டாத கை

ஒரு காலத்தில், நகரத்துக்கு வெகு தள்ளி, ஏரிக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் வாசலில் ஓர் இரும்புக் கதவு நின்றது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் என்று ஒருவர் எப்போதும் இருந்தார். ஆனாலும் யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது தான்தான் என்று கதவு நினைத்துக்கொண்டிருந்தது. வாசலில் நிற்கிற எவருக்கும் வருகிற நினைப்புதான்.

அந்த நாளில் அங்கே யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. கேட்டால், "ஏரி உடைஞ்சுதே, அதுக்கு மறு மாசம்" என்பார்கள். அதனால் பிள்ளையைக் கதவோரம் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயது ஐந்து. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வரலாம். எட்டாத பிள்ளைகள் எல்லாம் ஒரே தப்பைத்தான் செய்தன. குதிகாலைத் தூக்கி எக்கின. எக்கினால் காதும் கூடவே மேலே போகும் என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றியதில்லை. இதைப் பார்ப்பதில் கதவுக்கு அலுப்பே வந்ததில்லை.

நகரம் சும்மா இருக்கவில்லை. வருஷத்துக்குக் கொஞ்சமாக நடந்து வந்தது. முதலில் அளவுக்கல்லை அனுப்பியது, பிறகு பஸ்ஸை அனுப்பியது, அதன்பின் ஒரு ஃபேக்டரியை அனுப்பியது. ஃபேக்டரி வேலைக்குத் தெற்கத்திக்காரர்கள் வந்து குடியேறினார்கள். அவர்கள் பிள்ளைகள் ஒன்றையொன்று "ஏலே" என்று கூப்பிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றன.

"யாரு இதெல்லாம்? நம்ம ஊர் முகமாவே தெரியலையே" என்றது கதவு.

"நான் அடிச்சா எல்லாம்தான் ஓடி வருது" என்றது தாழ்வாரத்தில் தொங்கிய மணி. அது ஒரு தண்டவாளத் துண்டு. அதிகம் பேசாது.

கதவு கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். அப்படி முகத்தைத் தூக்கி வைத்திருந்ததையே கதவு மறந்துவிட்டது.

ஒருநாள் நகரம் வந்தே சேர்ந்துவிட்டது. ஏரியில் பாதி மனையானது. எதிரே அடுக்குமாடி எழுந்தது. அங்கே குடிவந்தவர்களும், நிலத்தை விற்று நாலு காசு பார்த்த ஊர்க்காரர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு டை கட்டி மஞ்சள் வேனில் ஏற்றி அனுப்பினார்கள். வேன் திரும்புவதற்கு வசதியான இடம் பள்ளிக்கூட வாசல்தான். அதனால் தினமும் அங்கேதான் நின்றது.

"ஜன்னலோரம் இருக்கறது தணிகாசலத்தோட பேரன்தானே?" என்று கதவு ஒருநாள் வேனிடம் விசாரித்தது. தணிகாசலம் அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர். காது எட்டாமல் அழுதுகொண்டே திரும்பிப் போய், மறு வருஷம் சேர்ந்தவர். இப்போது அடுக்குமாடியில் அவருக்கு மூன்று வீடு.

"பேரெல்லாம் எனக்குத் தெரியாது. ஸ்டாப் மட்டும்தான் தெரியும்" என்ற வேன் புகையை விட்டுவிட்டுப் போனது.

உள்ளே பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். மிச்சமிருந்தவர்களை ஒரே பாயில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார் ரெஜினா டீச்சர். தலைமை ஆசிரியர் அவர்தான். மற்ற ஆசிரியர்களும் அவரேதான்.

அடுக்குமாடிக்குப் பின்னால் இன்னோர் அடுக்குமாடி கட்டத் தொடங்கினார்கள். கட்டுகிறவர்கள் ஒடிசாவிலிருந்து வந்து தகரக் கொட்டகைகளில் தங்கினார்கள். ஒருநாள் காலை, கொட்டகைப் பெண்கள் சிலர் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை வாரி அழைத்துவந்தார்கள். சபித்ரி என்கிறவள் முன்னால் நின்று கதவைத் தள்ளினாள்.

கதவு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டது.

"என்ன பண்றே? ஆள் நிக்குது" என்றது அதில் தொங்கிய பூட்டு.

"யாரோ எவரோ. இதுங்க உள்ள உக்காந்துட்டா, நாளைக்குத் தணிகாசலம் பேரன் வந்தா எங்க உக்காருவான்?"

"உள்ள கிடக்கறது ஒரு பாய். அதுலயும் பாதி காலி."

"நீ பூட்டு. உனக்கு இதெல்லாம் புரியாது."

சபித்ரி மறுபடி தள்ளிப் பார்த்தாள். கதவு அசையவில்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அந்தச் செய்தி எல்லாக் கொட்டகைக்கும் போயிற்று. ரெஜினா டீச்சருக்குக் கதவு வழக்கம்போலத் திறந்து மூடியதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் கல்வி அதிகாரி வந்தார். பாயைப் பார்த்தார்.

"இத்தனை பிள்ளைங்களுக்கு ஒரு ஸ்கூல் நடத்த முடியாது மேடம். இந்த மாசத்துக்குள்ள யாரும் புதுசா சேரலைன்னா, பக்கத்து ஸ்கூலோட சேத்துடுவோம்."

"அது மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சார். லாரியா போகுது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எப்படித் தாண்டும்?"

"அதையும் எழுதிக்கறேன்" என்றார் அதிகாரி. எழுதவில்லை. போகும்போது கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கனம். பழைய இரும்புக்குப் போகும்" என்றார்.

"பயப்படாதே. நம்ம ஆளுங்க விட்டுட மாட்டாங்க" என்று கதவு பூட்டைத் தேற்றியது.

நம்ம ஆளும் வந்தார். அன்று சாயங்காலமே தணிகாசலம் அடுக்குமாடிச் சங்கச் செயலாளரோடு வந்து நின்றார். அவர் கை பட்டதும் கதவு எண்ணெய் போட்டதுபோல் விரியத் திறந்தது. "சொன்னேன்ல?" என்றது பூட்டிடம்.

தணிகாசலம் மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "மூடினதும் மனு போட்டு வாங்கிடலாம். வரிசையா விட்டா நம்ம கார் அத்தனையும் நிக்கும். இந்த கேட்டைத்தான் எடுத்துடணும், வழியில நிக்குது."

"நீங்க இங்கதானே சார் படிச்சீங்க?" என்றார் செயலாளர்.

"அப்ப வேற வழியில்ல" என்றார் தணிகாசலம்.

கதவுக்கு நெஞ்சு என்று ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கு விட்டுப் போயிருக்கும். இல்லாததால் கீல் மட்டும் நொந்தது.

"யாருக்காக இடம் பிடிச்சு வெச்சியோ, அவர் வந்துட்டுப் போயிட்டார்" என்றது பூட்டு.

மறுநாள் காலை ரெஜினா டீச்சர் பிள்ளை தேடி நேரே கொட்டகைக்குப் போனார். பள்ளிக்கூடத்தைத்தான் மூடியாச்சே என்றார்கள் அங்கே. "யாரும்மா சொன்னது மூடிட்டாங்கன்னு? எல்லாரும் வாங்க" என்று தாய்மார்களையும் பிள்ளைகளையும் கையோடு அழைத்துவந்தார். வாசலில் வந்து தள்ளினால், கதவு யாருக்கும் திறக்கிற மனநிலையில் இல்லை. டீச்சர் இரண்டு தரம் முட்டிப் பார்த்துவிட்டு, "சரி, இங்கயே சேத்துக்கலாம்" என்றார்.

"பிள்ளைக்கு வயசு என்னம்மா? பிறந்த சர்டிபிகேட் இருக்கா?"

"பேப்பர் ஊர்ல மேடம்" என்றாள் சபித்ரி. "ஊர் ரொம்ப தூரம். லிப்சா பெரிய பொண்ணு. அஞ்சு."

டீச்சருக்கு அவர்கள் பாஷை தெரியாது. அவர்களுக்கு டீச்சர் பாஷை அரைகுறை. அதனால் ரெஜினா டீச்சர் நடுத்தெருவில் நின்று, தன் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைப் பிடித்துக் காட்டினார். மஞ்சள் வேன் பிள்ளைகள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள்.

கொட்டகைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தொட்டன. லிப்சாவின் முறை வந்தது. கை தலையைத் தாண்டியது. விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"தலையைச் சாய்க்காதே" என்று டீச்சர் அவள் தலையை நிமிர்த்தினார்.

சபித்ரி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். லிப்சா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இடது கையால் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி எக்கினாள். இன்னும் எக்கினாள். அவள் பாரம் முழுவதும் கதவின் மேல் இறங்கியது.

கதவு அவளைப் பார்த்தது. அவள் காலைப் பார்த்தது. பிறகு கீல் கிறீச்சிட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. கதவு திறந்தது. லிப்சா தலையில் வைத்த கையோடு தடுமாறி உள்ளே போய் நின்றாள். விரல் அப்போதும் காதைத் தொடவில்லை.

ரெஜினா டீச்சர் கதவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், சபித்ரியைப் பார்த்தார். "தொட்டுட்டா" என்றார்.

உள்ளே மணி அடித்தது. பிள்ளைகள் ஓடின.

"யார் வீட்டுப் பிள்ளை அது?" என்று கேட்டது பூட்டு.

"தெரியலையா? நம்ம பிள்ளைதான்" என்றது கதவு. "காதைத் தொடறதுக்குக் குதிகாலைத் தூக்குச்சு, பாக்கல?"